ஹூண்டாய் ஐ20 என் லைன்

ஹூண்டாய் ஐ20 என் லைன் என்பது ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் 2021 செப்டம்பர் 2 அன்று இந்தியாவில் விற்பனைக்கு அறிமுகப்படுத்திய ஐந்து கதவு ஹேட்ச்பேக் மகிழுந்து ஆகும். காஞ்சிபுரம் மாவட்டம் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஆலையில் இது உருவாக்கப்பட்டது. ஐ20 குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையை அடிப்படையாகக் கொண்டு, கெட்டியான தொங்கலமைப்பு, நான்கு சக்கரங்களிலும் வட்டத் தட்டு பிரேக், மாற்றியமைக்கப்பட்ட புகைபோக்கி ஆகியவற்றுடன் அமைந்தது. 998 கன செ.மீ. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் இதற்கு 120 குதிரைத் திறனை அளிக்கிறது.

வேகத்தை விரும்புவோருக்கான வாகனமாக விளம்பரப்படுத்தப்பட்டாலும், இவ்வகை மகிழுந்தின் பயன் நேர்ச்சாலையின் உச்ச வேகத்தில் வெளிப்படுவதில்லை. குறைந்த சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசையும், சூடேறினாலும் தளராத பிரேக்கும் தேவைப்படும் இடங்களில்தான் அது தெரிகிறது. அத்தகைய இடங்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கும் அதைச் சூழ்ந்த மலைப்பாதைகளும் ஆகும். ஆகவே இக்கட்டுரையில் வாகனத்தின் செயல்திறன் அச்சாலைகளைக் கொண்டு விளக்கப்படுகிறது.

பெயரும் பின்னணியும்

பின்கதவு கூரையின் விளிம்பிலிருந்து மேல்நோக்கித் திறக்கும்படியும், பொருள் வைக்கும் இடம் பயணிகள் அறையோடு சேர்ந்திருக்கும்படியும் அமைந்த மகிழுந்து ஹேட்ச்பேக் எனப்படுகிறது. அன்றாடக் குடும்பப் பயன்பாட்டிற்கென உருவான இந்த வடிவில் வலுவான எஞ்சினைப் பொருத்தும் வழக்கம் ஐரோப்பாவில் தொடங்கியது. 1961 இல் வெளிவந்த மினி கூப்பர் இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதன் பின்கதவு மேல்நோக்கித் திறக்காது என்பதால் இலக்கணப்படி அது ஹேட்ச்பேக் அன்று. எனினும் சிறிய, எடை குறைந்த, முன்சக்கர இயக்கமுள்ள வாகனம் பெரிய வாகனங்களை வெல்ல முடியும் என்பதை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளின் மான்டி கார்லோ பேரணி வெற்றிகளால் மினி நிறுவிக் காட்டியது. 1976 இல் விற்பனைக்கு வந்த வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 110 குதிரைத் திறன் கொண்டிருந்தது. இந்த வகைக்கு நிலையான இலக்கணம் வகுத்த வாகனம் அதுவே.

ஹூண்டாயின் என் என்னும் எழுத்து, தென்கொரியாவின் நம்யாங் நகரில் உள்ள அந்நிறுவனத்தின் ஆய்வு மையத்தையும் செருமனியின் நூர்பர்க்ரிங் பந்தயச் சாலையையும் குறிக்கிறது. முழுமையான என் வாகனமும் என் லைன் வாகனமும் ஒன்றல்ல. இந்தக் குழப்பம் வாங்குவோரிடையே பரவலாக உள்ளது. ஐரோப்பாவில் விற்கப்பட்ட ஐ20 என் 1.6 லிட்டர் டர்போ எஞ்சினும் 204 குதிரைத் திறனும் கொண்டது. அது துருக்கியில் தயாரிக்கப்பட்டது. இந்தியாவிற்கு அது வரவில்லை. என் லைன் என்பது சாதாரண ஐ20 இன் எஞ்சினையே வைத்துக்கொண்டு தொங்கலமைப்பையும் சுக்கானையும் தோற்றத்தையும் மாற்றிய இடைநிலைப் பதிப்பாகும். ஐ20 என்னும் பெயரைத் தாங்கிய பேரணி வாகனங்கள் ஹூண்டாய்க்கு 2019, 2020 ஆண்டுகளில் உலகப் பேரணிப் போட்டியின் தயாரிப்பாளர் பட்டத்தைப் பெற்றுத் தந்தன. ஆனால் அவற்றுக்கும் கடையில் விற்கும் என் லைனுக்கும் பெயரைத் தவிரப் பொதுவான உறுப்புகள் மிகச் சிலவே.

இந்தியாவில் முன்னோடிகள்

2006 ஆம் ஆண்டு நடுவண் அரசின் வரவு செலவுத் திட்டத்தில், 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோலாயின் 1,200 கன செ.மீ., டீசலாயின் 1,500 கன செ.மீ. அளவுக்கு உட்பட்ட எஞ்சினும் கொண்ட மகிழுந்துகளுக்கான உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இந்திய மகிழுந்துகளின் உருவத்தையே தீர்மானித்த முடிவு இதுவெனலாம். பெரிய எஞ்சின் பொருத்தினால் வரி கூடும் என்பதால், சிறிய எஞ்சினில் டர்போ பொருத்தித் திறனைக் கூட்டுவதே வழியாயிற்று. ஐ20 என் லைனின் 3,995 மி.மீ. நீளமும் 998 கன செ.மீ. எஞ்சினும் இந்த எல்லைக்கோட்டின் விளைவுகளே.

இதற்கு முன்னரும் முயற்சிகள் நடந்தன. 2001 இல் வந்த பியட் பாலியோவின் 1.6 லிட்டர் பதிப்பு 100 குதிரைத் திறன் கொண்டிருந்தது. 2013 இல் வோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 105 குதிரைத் திறனுடனும் இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டியுடனும் வந்தது. 2015 இல் பியட் அபார்த் புன்டோ 145 குதிரைத் திறனுடன் வந்தது. மாருதி சுசூக்கி பலேனோ ஆர்எஸ் 2017 இல் அறிமுகமானது. 2018 இல் டாட்டா நிறுவனமும் கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் கூட்டாக உருவாக்கிய தியாகோ ஜேடிபி, 114 குதிரைத் திறனுடன் 6.39 இலட்சம் உரூபாய்க்கு வந்தது. பந்தய வாகனங்களை உருவாக்கிய பட்டறிவு கொண்ட ஒரு தமிழக நிறுவனத்தின் கைவண்ணம் ஒரு குடும்ப மகிழுந்தில் நேரடியாகச் சேர்ந்தது அப்போதுதான். இவற்றுள் எதுவும் இன்று புதிதாக விற்பனையில் இல்லை. எரிபொருள் சிக்கனமும் மறுவிற்பனை மதிப்புமே பெரும்பாலோரின் முதற்கேள்விகளாக இருந்த சந்தையில், விரைவுக்காகக் கூடுதல் விலை கொடுப்போர் சிலரே.

மலைப்பகுதிகளில் இக்கேள்விக்கு வேறொரு விடை ஏற்கெனவே இருந்தது: டீசல் ஹேட்ச்பேக். 2007 முதல் விற்கப்பட்ட மாருதி ஸ்விப்ட் டீசலின் 1.3 லிட்டர் எஞ்சின் 75 குதிரைத் திறன் மட்டுமே கொண்டது. ஆனால் 2,000 சுழற்சியிலேயே 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தது. ஏற்றத்தில் அடிக்கடி கியரைக் குறைக்காமல் ஏறும் அதன் இயல்பை விளையாட்டுத் தன்மை என்று யாரும் அழைக்கவில்லை. ஆயினும் அது இழுவைத் திறனே. 2020 ஏப்பிரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் மகிழுந்துகளைக் கைவிட்டது. பிற நிறுவனங்களின் சிறிய டீசல் வாகனங்கள் பலவும் படிப்படியாக மறைந்தன. அந்த வெற்றிடத்தில்தான் சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் நுழைந்தன.

தயாரிப்பு

ஹூண்டாய் மோட்டார் இந்தியா 1996 இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் மகிழுந்தான சான்ட்ரோ 1998 இல் வெளிவந்தது. ஐ20 இன் முதல் தலைமுறை 2008 இறுதியிலும், இரண்டாம் தலைமுறை 2014 இலும், மூன்றாம் தலைமுறை 2020 நவம்பரிலும் இந்தியாவில் அறிமுகமாயின. இந்தியாவின் பழைய மகிழுந்துப் பந்தயத் தளங்களுள் ஒன்றான சென்னை மோட்டார் பந்தயத் தளமும் இதே இருங்காட்டுக்கோட்டையில்தான் 1990 முதல் இயங்கி வருகிறது. குடும்ப மகிழுந்துகள் உருண்டு வெளிவரும் ஆலையும் பந்தயச் சாலையும் ஒரே ஊரில் அமைந்தது தற்செயலே.

எஞ்சினும் கியர் பெட்டியும்

என் லைனின் எஞ்சின் 6,000 சுழற்சியில் 120 குதிரைத் திறனையும், 1,500 முதல் 4,000 சுழற்சி வரை 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தருகிறது. பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பீய்ச்சப்படுகிறது.

டர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் ஒரு சிறு விசிறிச் சக்கரம். அதே தண்டின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம். இச்சக்கரங்கள் நிமிடத்திற்கு ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட சுழற்சிகளில் சுழல்பவை. புகையின் ஓட்டம் போதாத நிலையில், அதாவது எஞ்சின் 1,500 சுழற்சிக்குக் கீழே இறங்கும்போது, டர்போ உறங்குகிறது. அப்போது ஓட்டுநரிடம் இருப்பது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின் மட்டுமே. முடுக்கியை மிதித்தபின் விசை வந்து சேர ஏற்படும் இந்தத் தாமதம் மலைப்பாதையில் நன்கு உணரப்படும்.

தொடக்கத்தில் இரு வகைக் கியர் பெட்டிகள் வழங்கப்பட்டன. ஒன்று ஐஎம்டி எனப்படும் ஆறு கியர் அமைப்பு. இதில் கியரைக் கையால் மாற்ற வேண்டும். ஆனால் கிளட்ச் மிதி இல்லை. கியர்த் தண்டில் உள்ள உணரி கையின் நோக்கத்தை அறிந்து கிளட்சைத் தானே இயக்குகிறது. மற்றொன்று ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் தானியங்கி. இதில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படை கியர்களுக்கு மற்றொன்றும் இருப்பதால் அடுத்த கியர் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கும். தானியங்கி வகை நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை 9.9 நொடிகளில் எட்டும் என நிறுவனம் அறிவித்தது. பன்னாட்டு அளவில் இது பெரிய வேகமன்று.

கம்பம் பள்ளத்தாக்கின் சாலைகள்

தேனி மாவட்டம் 1996 இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் சூழ, நடுவே முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல், வாழை, தென்னை, பன்னீர் திராட்சை விளையும் நிலப்பகுதியே கம்பம் பள்ளத்தாக்கு. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்கள் ஒரே நெடுஞ்சாலையில் கோத்த மணிகள் போல் அமைந்துள்ளன. இச்சாலை லோயர் கேம்ப்பைக் கடந்து மலையேறி, கேரள எல்லையிலுள்ள குமுளியை அடைகிறது.

கம்பம் நகருக்குத் தொடர்வண்டி இல்லை. மதுரை - போடிநாயக்கனூர் மீட்டர் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டது. அகலப் பாதையில் 2022 மே மாதம் தேனி வரையும், 2023 சூன் மாதம் போடி வரையும் மீண்டும் வண்டிகள் ஓடத் தொடங்கின. இடைப்பட்ட பத்தாண்டுகளுக்கும் மேலாக மாவட்டம் முழுவதுமே சாலையை நம்பி இருந்தது. மருத்துவத்திற்கு மதுரை, ஏலக்காய்த் தோட்டத்திற்கு இடுக்கி, திருமணத்திற்குத் திண்டுக்கல் என எங்கு செல்வதாயினும் வாகனமே துணை.

பள்ளத்தாக்கிலிருந்து மலையேறும் சாலைகளுள் நான்கு பரவலாக அறியப்பட்டவை. போடியிலிருந்து போடிமெட்டு செல்லும் கொச்சி - தனுசுக்கோடி தேசிய நெடுஞ்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சின்னமனூரிலிருந்து மேகமலை செல்லும் சாலையில் 18 வளைவுகள். லோயர் கேம்ப் - குமுளிச் சாலை நீளத்தில் குறைந்தது. ஆனால் சரக்கு லாரிகளும் பேருந்துகளும் மிகுந்தது. கம்பத்திலிருந்து நேரே மேலேறும் கம்பம்மெட்டுச் சாலை, சபரிமலைக் காலத்தில் நெரிசலைக் குறைக்கும் ஒருவழிப் பாதையாகவும் பயன்பட்டு வந்துள்ளது. இச்சாலைகளில் காலையில் மேலேறி மாலையில் கீழிறங்குபவை ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள். அவ்வாறு நெருக்கியடித்து அமர்ந்து செல்வோருக்கு எதிரே வரும் மகிழுந்தின் பிரேக் எப்படிப்பட்டது என்பது உயிர்ப் பொருள் கொண்ட கேள்வி ஆகும்.

ஏற்றத்தில் செயல்திறன்

போடிநாயக்கனூருக்கும் போடிமெட்டுக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர். சாலைத் தொலைவு 25 கி.மீ. அளவு. ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள மகிழுந்தில் நால்வர் பைகளுடன் அமர்ந்தால் மொத்த எடை 1,400 கிலோ எனக் கொள்ளலாம். இவ்வெடையை 1,000 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 13.7 மெகா சூல். ஒரு லிட்டர் பெட்ரோலின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சேரும் எனக் கொண்டால், உயரத்திற்கு மட்டும் ஒன்றே முக்கால் லிட்டர் அளவு செலவாகும். உருளல் தடையையும் சேர்த்தால் மலையேறும்போது லிட்டருக்கு 10 கி.மீ. அளவே கிடைக்கும். சோதனைக் கூடத்தில் சான்றளிக்கப்பட்ட லிட்டருக்கு 20 கி.மீ. என்னும் அளவை இங்கு எதிர்பார்ப்பது பொருந்தாது.

முறுக்குவிசையின் பயன் முந்திச் செல்லும்போது புலப்படும். திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கக் கிடைப்பது. 2,000 சுழற்சியில் 172 நியூட்டன் மீட்டர் என்பது ஏறத்தாழ 49 குதிரைத் திறன். டர்போ இல்லாத 1.2 லிட்டர் ஐ20 இன் உச்ச முறுக்குவிசை 115 நியூட்டன் மீட்டர். அதுவும் 4,200 சுழற்சியில்தான் கிடைக்கும். அதே அளவு 2,000 சுழற்சியிலேயே கிடைப்பதாகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 33 குதிரைத் திறன்தான் வருகிறது.

6 விழுக்காடு ஏற்றத்தில் ஊர்ந்து செல்லும் லாரியின் பின்னால் 25 கி.மீ. வேகத்தில் செல்லும் மகிழுந்து, 50 கி.மீ. வேகத்தை எட்டி அதை முந்த வேண்டும் எனக் கொள்வோம். ஏற்றத்தைச் சமாளிக்கவே 14, 15 குதிரைத் திறன் போய்விடும். எஞ்சியதுதான் வேகத்தைக் கூட்டும். எஞ்சின் 2,000 சுழற்சியை ஒட்டியே சுழல்வதாகக் கொண்டு கணக்கிட்டால், என் லைனுக்கு ஏறத்தாழ 5 நொடியும் 1.2 லிட்டர் வாகனத்திற்கு 9 நொடிக்குச் சற்று அதிகமும் ஆகும். அதாவது எதிர்த்தடத்தில் கடக்கும் தொலைவு முன்னதற்கு 50 மீட்டர், பின்னதற்கு 100 மீட்டர் அளவு. இரண்டு வளைவுகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியும் நேர்ச்சாலை பல இடங்களில் அந்த 100 மீட்டர் கூட இருப்பதில்லை. கியரைக் குறைத்து எஞ்சினை உரக்கச் சுழற்றினால் 1.2 லிட்டர் வாகனமும் ஈடு கொடுக்கும். பழகிய ஓட்டுநர்கள் அதைத்தான் செய்கிறார்கள். பழகாதவருக்கு டர்போ அந்த வேலையை எளிதாக்குகிறது.

உயரமும் டர்போவிற்குச் சாதகமானது. 1,000 மீட்டர் ஏறும்போது காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. தானே காற்றை உறிஞ்சும் எஞ்சின் அந்த அளவு வலுவிழக்கும். டர்போ கூடுதலாகச் சுழன்று இக்குறையைப் பெரிதும் ஈடு செய்துவிடும்.

எனினும் கொண்டை ஊசி வளைவின் நடுவில் நிலைமை மாறுகிறது. அங்கு வேகம் 15 கி.மீ. அளவிற்குக் குறைய, இரண்டாம் கியரில் எஞ்சின் 1,500 சுழற்சிக்குக் கீழே இறங்கி டர்போ உறங்கிவிடும். முடுக்கியை மிதித்தும் வண்டி முனகும். சற்று நேரம் கழித்து விசை ஒரேயடியாகப் பொங்கும். அவ்வேளையில் எடை பின்சக்கரங்களை நோக்கிச் சாய்ந்திருப்பதால், இயங்கும் முன்சக்கரங்களின் பிடிப்பு குறைவாக இருக்கும். மழைக்காலத்தில் உள்வளைவின் சக்கரம் வழுக்குவது இதனாலேயே. முன்கூட்டியே முதற்கியருக்கு மாற்றி மெல்ல முடுக்குவதே சரியான முறை.

இறக்கமும் பிரேக்கும்

ஏறும்போது செலவிட்ட 13.7 மெகா சூல் ஆற்றல் எங்கும் போய்விடுவதில்லை; இறங்கும்போது அது முழுவதும் திரும்பி வருகிறது. இது 45 லிட்டர் தண்ணீரை 30 பாகை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றல். இதன் பெரும்பகுதியைப் பிரேக்கே தாங்க நேர்ந்தால், சில கிலோ எடையுள்ள இரும்புத் தட்டுகள் பலநூறு பாகை வரை சூடேறும். அதிகச் சூட்டில் பிரேக் கட்டைகளின் உராய்வு குறையும். பிரேக் திரவம் பழையதாகி ஈரம் ஏறியிருந்தால் அது கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். குமிழி அழுந்தும், திரவம் அழுந்தாது. ஆகவே மிதி தரை வரை இறங்கினாலும் வண்டி நிற்காது.

சாதாரண ஐ20 இல் பின்சக்கரங்களுக்கு உருளை வடிவ மூடு பிரேக் பொருத்தப்பட்டிருந்தது. என் லைனில் பின்னும் வட்டத் தட்டு. தட்டு காற்றில் வெளிப்பட்டிருப்பதால் விரைவாகக் குளிர்கிறது. மூடியினுள் சூடு அடைபட்டுக் கிடக்கிறது. விளம்பரங்களில் சிவப்பு வண்ணப் பிரேக் பிடிப்பான்களுக்கே முதலிடம் கிடைத்தாலும், மலை மாவட்டத்தில் வாழ்வோருக்கு இவ்வாகனத்தில் உள்ள மிகப் பயனுள்ள மாற்றம் இந்தப் பின்சக்கரத் தட்டுகளே எனலாம்.

நல்ல பிரேக் இருந்தாலும் எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்குவது மலை ஓட்டத்தின் அடிப்படை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது ஓட்டுநர்களின் பழைய விதி. ஒரு லிட்டர் எஞ்சின் சிறியது என்பதால் அதன் அடக்கும் விசையும் குறைவு. மூன்றாம் கியர் போதாத இடங்களில் இரண்டாம் கியர் தேவைப்படும். தானியங்கி வகையை அதன் போக்கில் விட்டால் எரிபொருள் சிக்கனம் கருதி மேல் கியருக்குத் தாவும். சுக்கானின் பின்னுள்ள துடுப்பு விசைகளால் கியரைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்றும் நிலவுகிறது. கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஓரளவு பொருள் இருந்திருக்கலாம். கணினி வழி எரிபொருள் பீய்ச்சும் எஞ்சின்களில், கியரில் இருந்துகொண்டு முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் முற்றிலும் நிறுத்தப்படும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். எஞ்சினையே அணைத்துவிட்டால் பிரேக்கிற்குத் துணைபுரியும் வெற்றிட அமைப்பும் சுக்கான் துணையும் செயலிழந்துவிடும். குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வாகனம் நின்று ஏறும் வாகனத்திற்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி; விரைவு மகிழுந்து ஓட்டுவோர் மறக்கக் கூடாத விதியும் அதுவே.

கையாளுமை

என் லைனின் தொங்கலமைப்பு சாதாரண ஐ20 ஐ விட ஏறத்தாழ 30 விழுக்காடு கெட்டியானது எனக் கூறப்பட்டது. வளைவில் உடல் சாய்வது குறைவு; சுக்கான் கனமாகவும் துல்லியமாகவும் உள்ளது. அடுத்தடுத்து இடமும் வலமும் திரும்பும் மேகமலைச் சாலையில் பின்னிருக்கையினருக்குக் குமட்டலைத் தருவது உடலின் இந்தச் சாய்வாட்டமே. எனவே விளையாட்டுத் தொங்கலமைப்பு ஓட்டுநருக்கு மட்டுமல்லாமல் குழந்தைகளுக்கும் உதவுகிறது. ஆனால் இது மிதமான வேகத்தில் மட்டுமே உண்மை. மேகமலைப் பகுதி 2021 இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. காட்டு விலங்குகள் சாலையைக் கடக்கும் இடத்தில் வளைவுகளின் பிடிப்பைச் சோதித்துப் பார்ப்பது முறையாகாது.

அன்றாடப் பயன்பாடு

ஐந்து பேர் அமரலாம். பின்னிருக்கை நடுவில் அமர்பவருக்கு நெருக்கடி. பொருள் வைக்கும் இடம் 311 லிட்டர். பின்னிருக்கையை மடித்தால் வாழைத்தாரோ உரமூட்டையோ ஏற்றலாம். ஹேட்ச்பேக் வடிவின் முதன்மையான வசதி இதுவே. எரிபொருள் கலன் 37 லிட்டர் கொள்ளும். கம்பம், சின்னமனூர் கடைவீதிகளின் நெருக்கடியில் 4 மீட்டருக்குள் அடங்கும் நீளம் நிறுத்துமிடம் தேடுவோருக்குத் துணை.

கெட்டியான தொங்கலமைப்பின் விலை ஊர்ச்சாலைகளில் செலுத்தப்படுகிறது. ஊருக்கு ஊர் போடப்பட்டுள்ள வேகத்தடைகளும், தோட்டப் பாதைகளின் குழிகளும் முதுகிற்கு நேராகத் தெரியும். 16 அங்குலச் சக்கரத்தில் உள்ள டயரின் பக்கச்சுவர் உயரம் குறைவு. கூரிய குழியில் இறங்கினால் சக்கர விளிம்பு வளையவோ டயர் பிளக்கவோ வாய்ப்புண்டு. தோட்டத்திற்குள் செல்ல வேண்டியவர்கள் ஜீப்பையே நாடுவது காரணத்தோடுதான்.

இரட்டைக் கிளட்ச் தானியங்கிக்கு மற்றொரு வரம்பு உண்டு. இதன் கிளட்ச் எண்ணெயில் மூழ்காத உலர்வகை. ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடேறும். கார்த்திகை, மார்கழியில் குமுளிச் சாலை ஐயப்ப பக்தர்களின் வாகனங்களால் நிறையும்போது இதுவே நடக்கும். முன்வாகனத்தோடு ஒட்டி ஊராமல், இடைவெளி விட்டு நின்று பின் ஒரே மூச்சில் நகர்வதும், நிற்கும்போது முடுக்கியால் தாங்காமல் பிரேக்கை மிதிப்பதும் கிளட்சைக் காக்கும்.

விலையும் மாற்றங்களும்

அறிமுகத்தின்போது என்6, என்8 என இரு வகைகள் இருந்தன. தொடக்க விலை காட்சியக அளவில் 9.84 இலட்சம் உரூபாய். 2023 செப்டம்பரில் மேம்படுத்தப்பட்ட பதிப்பு 9.99 இலட்சத்தில் தொடங்கியது. அதில் ஐஎம்டி நீக்கப்பட்டு, கிளட்ச் மிதியுடன் கூடிய வழக்கமான ஆறு கியர் பெட்டி கொண்டுவரப்பட்டது. ஓட்டுவதில் ஆர்வமுள்ளோர் கேட்டது அதைத்தான். சாதாரண ஐ20 இலிருந்து டர்போ எஞ்சின் அப்போது விலக்கப்பட்டதால், டர்போ வேண்டுவோர் என் லைனையே வாங்க வேண்டியதாயிற்று. 2024 சூன் மாதம் வந்த டாட்டா அல்ட்ரோஸ் ரேசர், 120 குதிரைத் திறனும் 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்டு இதற்கு நேரடிப் போட்டியாக அமைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய மகிழுந்துகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது; 4 மீட்டர் எல்லைக்குள் அடங்கும் இவ்வகை வாகனங்களும் அதனால் பயனடைந்தன.

பாதுகாப்பு

2022 இல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் ஆய்வில், இரண்டு காற்றுப்பைகளுடன் சோதிக்கப்பட்ட இந்திய ஐ20 பெரியோர் பாதுகாப்பிலும் குழந்தைகள் பாதுகாப்பிலும் மூன்று விண்மீன்கள் பெற்றது. அதன் உடற்கூடு நிலையற்றது என மதிப்பிடப்பட்டது. என் லைன் தனியாகச் சோதிக்கப்படவில்லை எனினும் உடற்கூடு அதே அடித்தளத்தைச் சேர்ந்தது. 2023 பதிப்பு முதல் ஆறு காற்றுப்பைகள் அனைத்து வகைகளிலும் சேர்க்கப்பட்டன. ஏற்றத்தில் நின்று புறப்படும்போது வண்டி பின்னோக்கி உருளாமல் சில நொடிகள் பிடித்து வைக்கும் துணை அமைப்பும், வழுக்கும்போது தனித்தனிச் சக்கரங்களுக்குப் பிரேக் இட்டு வண்டியை நேராக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும் அப்பதிப்பில் உள்ளன. பழைய என் லைனை இரண்டாம் கையாக வாங்குவோர், காற்றுப்பைகளின் எண்ணிக்கையையும் பிரேக் திரவம் கடைசியாக மாற்றப்பட்ட நாளையும் கேட்டறிந்து கொள்வது வழக்கமாக வேண்டும். மலை மாவட்டங்களில் ஓடிய வாகனமாயின் பிரேக் தட்டுகளின் விளிம்பில் தேய்மானத்தால் உண்டாகும் மேட்டை விரலால் தடவியே அறியலாம்.